கையால் கேட்ட கேள்வி

ஜானெல் புஷ்மனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் பத்தொன்பது ஆண்டுகளை, மக்காச்சோளத்தை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில், மூடி பொருத்தும் எந்திரத்தின் இடப்பக்கத்தில் நின்றபடியே கழித்தவள் அவள். வலப்பக்கத்தில் நின்றவள் டோரீன் ஹாகன். தெற்கு மின்னசோட்டாவின் கெஸ்லர் ஊரில் இந்த இருவரையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் பழக்கம். ஒருத்தியைக் கடையில் தனியாகக் கண்டால், மற்றவளுக்கு உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள்.

நிமிடத்துக்கு நானூறு டப்பாக்களுக்கு மூடி போடும் அந்த எந்திரத்தின் அருகில், வாயைத் திறந்து பேசுவது வீண். எல்லாரும் காதடைப்பான் அணிந்திருப்பார்கள். ஆகவே அங்கே வேலை செய்த பெண்கள் கையாலேயே பேசினார்கள். விரல்களை மேலிருந்து கீழே உதிர்த்தால், தண்ணீர் கசிகிறது. மடக்கிய கைமுட்டியின்மேல் மறுகையின் உள்ளங்கையைக் கவிழ்த்தால், மூடி தீர்ந்துவிட்டது. மணிக்கட்டை இருமுறை தட்டினால், அடுத்த முறைக்கு மாற்றாக நிற்க வேண்டியவள் தாமதமாக வந்திருக்கிறாள். கைமுட்டியை மார்புக்கு நேராக வைத்துச் சாவி திருப்புவதுபோலத் திருப்பினால், ‘உன் பூட்டைப் போட்டுவிட்டாயா?’ என்று பொருள். எந்திரத்துக்குள் கையை விடுமுன், விசையை அணைத்து, தன் பெயரும் படமும் ஒட்டிய சிவப்புப் பூட்டை அதில் மாட்ட வேண்டும். மாட்டியவரைத் தவிர வேறு எவரும் அதைக் கழற்றக் கூடாது. கழுத்தெலும்பில் இரு விரலால் இருமுறை தட்டினால், ‘போட்டுவிட்டேன், சாவி என்னிடம் இருக்கிறது’ என்பது விடை. அதே முட்டியை மார்பருகே அல்லாமல் இடுப்பருகே திருப்பினால், ‘கழிப்பறைக்குப் போக வேண்டும், என் இடத்தைப் பார்த்துக்கொள்’ என்று ஆகிவிடும். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு முதல் வாரத்திலேயே நகைப்புக்கு ஆளாகாத புதியவர் எவரும் அங்கே இருந்ததில்லை.

மார்ச் மாதத்தில் தொழிற்சாலை மூடப்பட்டது. வேலை இழந்தவர்கள் சமுதாயக் கல்லூரியில் புதுத்தொழில் கற்க அரசு உதவியது. ஜானெலும் டோரீனும் கோடை முழுவதும் ஜானெலின் சமையலறையில் அமர்ந்து, கல்லூரியின் பாடப்பட்டியலைக் காப்பிக் கறை படியப் படியப் புரட்டினார்கள். இருவரும் தொழிற்சாலைத் தானியங்கி எந்திரங்களைப் பற்றிய ஈராண்டுப் படிப்பில் சேர்வது என்று முடிவாயிற்று. இத்தனை வருஷமும் மெஷின் சொன்னதை நாம் கேட்டோம், இனி நாம் சொல்வதை அது கேட்கட்டும் என்று சொன்னவளே டோரீன்தான்.

ஆகஸ்டில் சேர்க்கைப் படிவத்தை நிரப்பும்போது, டோரீன் வேறொரு கட்டத்தில் குறியிட்டாள். ஜானெல் அதைக் கண்ணால் கண்டும் நம்பவில்லை. வண்டி நிறுத்துமிடம் வரை அவள் பின்னாலேயே போனாள்.

“நீ மாத்தி டிக் பண்ணிட்ட,” என்றாள் அங்கே.

“மாத்தல. யோசிச்சுதான் பண்ணேன். ஆம்புலன்ஸ் படிப்பு.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையேடி.”

“சொல்லியிருந்தா நீ விட்டிருக்க மாட்ட, ஜே. எனக்கு இனிமே மெஷினோட வேல வேண்டாம். மனுஷங்களோட வேணும்.”

பத்தொன்பது ஆண்டுகள் உன் இடப்பக்கத்தில் நின்றது எந்திரமா என்று கேட்க ஜானெலுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவள் சாவியைத் துழாவுவதுபோலக் கைப்பையைக் குடைந்துகொண்டு நின்றாள்.

இரு படிப்புகளும் ஒரே கட்டடத்தில்தான் நடந்தன. நடைவழியின் இடப்புறம் எந்திரக்கூடம். வலப்புறம் அவசர மருத்துவ வகுப்பு. இடையே கண்ணாடிக் கதவுகள். ஜானெல் கம்பிகளைச் சீவி, எண்ணிட்டு, பலகையில் வரிசையாகப் பொருத்துகையில், எதிரே டோரீன் ஒரு ரப்பர்ப் பொம்மையின் மார்பை அழுத்திக்கொண்டிருப்பது தெரியும். அவளுக்கு எதிரில் மண்டியிட்டிருப்பவன் கர்ட் லிண்ட்ஹோம்.

கர்ட்டுக்கு முப்பத்தெட்டு வயது. மெத்தை விற்கும் கடையில் வேலை பார்த்தவன். கடை மூடியதும் இங்கே வந்து சேர்ந்தான். ஆம்புலன்ஸில் எப்போதும் இருவர் இருவராகத்தான் வேலை. ஆகவே மாணவர்களையும் முதல் வாரத்திலேயே இணை இணையாகப் பிரித்துவிடுவார்கள். அவ்வாறு டோரீனுக்கு வாய்த்தவன் இவன். அவனிடம் குறை கண்டுபிடிக்க ஜானெல் மெய்யாகவே முயன்றாள். அவன் கதவைத் திறந்து பிடித்தான். நகைச்சுவைக்கு உரிய இடத்தில் மட்டும் சிரித்தான். வீட்டில் போட்ட வெள்ளரி ஊறுகாயைக் கொண்டுவந்து, கேளாமலே ஜானெலுக்கும் நீட்டினான். குறையே இல்லாதது அவன்மேல் அவளுக்கிருந்த பெருங்குறையாயிற்று. ஊறுகாய் நன்றாகவும் இருந்தது.

டோரீன் அவனை அறிமுகப்படுத்திய விதத்தை ஜானெல் பிறகு பல நாள் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தாள். “இவர் என் பார்ட்னர், கர்ட். இவ ஜானெல். ஃபேக்டரியில கூட இருந்தா.” பத்தொன்பது ஆண்டுகளும் ‘கூட இருந்தா’ என்று இரண்டு சொல்லில் அடங்கிவிட்டன. மூன்று வாரப் பழக்கத்துக்கோ பட்டம் கிடைத்திருந்தது.

வியாழக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து உண்பது நெடுநாள் வழக்கம். உருளைக்கிழங்கு உருண்டைகளைப் பரப்பிச் சுட்ட இறைச்சிப் பண்டத்தை ஒருவாரம் இவளும் மறுவாரம் அவளும் கொண்டுவருவார்கள். செப்டம்பரில் அந்த மேசையில் மூன்றாவது தட்டு வந்தது. அக்டோபரில் பேச்சும் மாறியது. இரத்த அழுத்தம், ஆக்சிஜன், சென்ற இரவு பயிற்சிக்காக ஏறிய வண்டி என்று அவர்கள் இருவரும் பேசப் பேச, ஜானெல் முள்கரண்டியால் உருண்டைகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தாள். கர்ட் டோரீனை ‘டோரி’ என்று அழைத்தான். பெற்றவர்கள்கூட அவளை அப்படி அழைத்ததில்லை.

நவம்பரில் உள்ளூர்ச் செய்தித்தாள், அவசர மருத்துவ வகுப்பைப் படமெடுத்து முதல் பக்கத்தில் போட்டது. அதே வாரத்தில் ஜானெல், பெட்டிகளை எண்ணி நிறவாரியாகப் பிரிக்கும் கன்வேயர் பட்டை ஒன்றைத் தன் கையால் கம்பியிட்டு, கணினியில் கட்டளை எழுதி, பச்சை விளக்கு எரிய ஓடவிட்டிருந்தாள். “தலைவாரின மாதிரி இருக்கு உன் வயரிங்கு,” என்று ஆசிரியர் மெர்ல் சொன்னார். அவர் மிகையாகப் பேசும் மனிதர் அல்லர். ஆனால் ஒரு பச்சை விளக்கு எரிவதைப் படமெடுக்க எந்தப் பத்திரிகைக்காரன் வருவான்? அன்று மாலை அவளுடைய கணவன் ராய், பால் லாரி ஓட்டிய களைப்போடு செய்தித்தாளை விரித்தவன், படத்தில் டோரீன் அழகாக விழுந்திருக்கிறாளே என்றான். ஜானெல் பாத்திரங்களைக் கழுவும் ஓசை சற்றே உயர்ந்தது.

“அவ என்ன, அந்த மெத்தைக்காரனக் கல்யாணமா பண்ணிக்கிட்டா?” என்றான் ராய்.

“கல்யாணம் பண்ணியிருந்தா ஒரு பரிசு வாங்கிக் குடுத்துட்டு நிம்மதியா இருந்திருப்பேன்,” என்றாள் ஜானெல்.

டிசம்பர் முதல் வாரத்தில் டோரீனின் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு. கவுண்டி ஆம்புலன்ஸ் நிலையத்தில் பகல் வண்டிக்கு இரு இடங்கள் காலியாக இருந்தன. கிறிஸ்துமஸுக்கு முன்பு சான்றிதழ் பெற்றால், அவை டோரீனுக்கும் கர்ட்டுக்கும் என்று பேசி வைக்கப்பட்டிருந்தது. தவறினால், அடுத்த அணியோடு மே மாதம் வரை மறுபடியும் படிக்க வேண்டும். இடமும் வேறொருவருக்குப் போய்விடும். தேர்வில் எதைச் செய்தாலும் உரக்கச் சொல்லியே செய்ய வேண்டும் என்பது வழக்கம். குறிப்பாக, இடம் பாதுகாப்பானதா என்று கேளாமல் நோயாளியைத் தொட்டவர், வேறெதைச் சிறப்பாகச் செய்தாலும் தோற்றவரே. டோரீன் வீட்டில் பூனையை வைத்துக்கொண்டு, “கையுறை போடுறேன். இடம் பாதுகாப்பா இருக்கா?” என்று உரக்கக் கேட்டுப் பழகுவதாகச் சொல்லிச் சிரித்தாள்.

தோற்றால் மே மாதம் வரை டோரீன் இதே நடைவழியில் இருப்பாள். கர்ட் வேறோர் இணையோடு போய்விடுவான். இந்த எண்ணம் ஜானெலுக்கு ஒருநாள் கம்பி சீவும்போது தோன்றியது. சீச்சீ என்று அதை விரட்டினாள். விரட்டப்பட்ட பூனைபோல அது கொல்லைப்புறமாகத் திரும்பி வந்து படுத்துக்கொண்டது.

தேர்வை நடத்தும் வால்ட் நீமன், முப்பது ஆண்டுகள் ஆம்புலன்ஸில் ஓடி ஓய்ந்தவர். காதில் கருவி மாட்டியவர். இம்முறை விபத்தை எந்திரக்கூடத்திலேயே நடத்திப் பார்ப்பது என்று அவரும் மெர்லும் ஏற்பாடு செய்தார்கள். கன்வேயரில் கை சிக்கிய தொழிலாளியாக நடிக்க ஒருவர் வேண்டும். எந்திரத்தை அறிந்தவர்தாம் ஆபத்தில்லாமல் உட்கார முடியும் என்று மெர்ல் ஜானெலைத் தேர்ந்தெடுத்தார். நடிப்பானாலும் பூட்டில்லாமல் கையை விடக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னதால், ஜானெல் விசையை அணைத்துத் தன் சிவப்புப் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். வலக்கையைப் பட்டைக்கடியில் நுழைத்தாள். ஒரு மாணவி அவளுடைய முழங்கையில் செயற்கை இரத்தம் பூசினாள்.

கதவு திறந்தது. பைகளோடு டோரீனும் கர்ட்டும் நுழைந்தார்கள். டோரீன் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து, சுவரோரம் இருந்த கம்ப்ரசர் காற்றுக் குறைந்து தானாகவே ஓடத் தொடங்கியது. கூடம் அதிர்ந்தது. மெர்ல் அதை நிறுத்தப் போக, உண்மையான விபத்து நடக்குமிடம் என்ன தேவாலயமா என்று கேட்பதுபோல நீமன் கையை உயர்த்தித் தடுத்தார்.

அந்த ஓசையில் டோரீனின் முகம் மாறியதை ஜானெல் கண்டாள். மாணவியின் பதற்றம் அதிலிருந்து வழிந்துபோய், பழைய வலப்பக்கத்துக்காரியின் முகம் வந்தது. அவள் இரண்டு எட்டு முன்னால் வந்து நின்று, ஜானெலின் கண்ணைப் பார்த்து, முட்டியை மார்புக்கு நேராக வைத்துத் திருப்பினாள்.

பூட்டைப் போட்டுவிட்டாயா?

ஜானெலின் இடக்கை, அவளைக் கேளாமலே கழுத்தெலும்புக்குப் போய் இருமுறை தட்டியது. ஒன்பது மாதங்களாக அவளிடம் யாரும் இந்த மொழியில் பேசியதில்லை. குளிர்காலத்தில் வீட்டுக்குள் நுழைந்ததும் கன்னம் சுடுமே, அதுபோல அவளுக்குக் கண்ணோரம் சுட்டது.

அது நீடிக்கவில்லை. “பார்ட்னர், நீங்க கையப் பிடிச்சுக்கோங்க,” என்று டோரீன் ஓசைக்குமேல் கத்திவிட்டுக் கட்டுத்துணியை எடுக்கத் திரும்பினாள். ஜானெலின் கையைப் பிடித்துக்கொண்டவன் கர்ட். பிறகு அந்த இருவரும் வேலை செய்த அழகு இருக்கிறதே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒருவர் கை நீட்டுமுன் மற்றவர் கத்தரிக்கோலை வைத்தார். ஒருவர் தலை அசைக்குமுன் மற்றவர் நகர்ந்தார். ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. அவ்வாறு வேலை செய்வது எப்படி இருக்கும் என்பது அந்தக் கூடத்தில் ஜானெலைவிட நன்றாகத் தெரிந்தவர் வேறு யார்?

தேர்வு முடிந்து, மாணவர்களை வெளியே அனுப்பினார்கள். கம்ப்ரசரும் ஓய்ந்தது. நீமன் தாளோடு ஜானெலின் அருகில் வந்தார். மற்றெல்லாம் மிக நன்று என்றும், ஆனால் முதற்கேள்வி தம் காதில் விழவில்லை என்றும் சொன்னார்.

“எனக்குக் காது மந்தம், இந்தச் சத்தம் வேற. நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. தொடறதுக்கு முன்னாடி, மெஷின் பூட்டியிருக்கான்னு அந்தம்மா கேட்டாங்களா?”

அன்று விரட்டிய எண்ணம், அந்தப் பூனையாகவே எழுந்து வந்து அவள் மடியில் அமர்ந்தது.

“எனக்கு ஒண்ணும் காதுல விழல, வால்ட்,” என்றாள் ஜானெல்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. மொத்தத்தில் அது பொய். நீமன் பெருமூச்சுவிட்டு, தாளின் முதல் வரியில் ஒரு குறுக்குக் கோடு இழுத்துவிட்டு வெளியே போனார்.

ஜானெல் கூடத்தின் தொட்டியில் செயற்கை இரத்தத்தைக் கழுவினாள். அது எளிதில் போகவில்லை. கண்ணாடிக் கதவு சற்றே திறந்திருந்தது; நடைவழியில் நீமன் முடிவைச் சொல்வது கேட்டது. டோரீன் வாதாடுவாள், ஜானெலைக் கேளுங்கள் என்பாள், தான் அப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவள் குழாயை மூடாமல் நின்றாள். டோரீன் அப்படி எதுவும் செய்யவில்லை.

“வாய் விட்டுக் கேக்கல. அது சரிதான்,” என்றாள் டோரீன். ஒருகணம் கண்ணாடி வழியே ஜானெலைப் பார்த்தாள். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

கர்ட்தான் பேசினான். ஆறுதல் சொல்லும் எண்ணத்தோடுதான் பேசினான். “விடுங்க டோரி. அது பதட்டம். நான் பக்கத்துலதானே இருந்தேன், உங்க கை அப்பிடியே வெட்டி வெட்டி இழுத்துச்சு, பாத்தேன். பாவம், நரம்புத் தளர்ச்சி மாதிரி. அடுத்த தடவ சரியாயிடும். நீங்க வர்ற வரைக்கும் நான் வேற யாரோடயும் ஏற மாட்டேன்.”

ஜானெல் குழாயை மூடினாள்.

அவன் காத்திருப்பானாம், ஆக, பொய் சொல்லியும் பயனில்லை. ஆனால் அவளைச் சுட்டது அது அன்று. பத்தொன்பது ஆண்டு மொழியைப் பார்த்து நரம்புத் தளர்ச்சி என்கிறானே, இந்த மெத்தை விற்றவன்! அந்த மொழியில் ஒரு சொல் தெரியாதவன், அதில் கேட்ட மிகச் சரியான கேள்வியைக் கை நடுக்கம் என்று இரங்குகிறானே! அவளுடைய நேர்மை செய்யத் தயங்கியதை அவளுடைய பொறாமை ஒரு நொடியில் செய்தது. முழங்கையில் சிவப்புநீர் சொட்டச் சொட்ட அவள் நடைவழிக்கு வந்தாள்.

“அது நடுக்கம் இல்ல,” என்றாள் கர்ட்டிடம். பிறகு நீமனைப் பார்த்தாள். “அவ கேட்டா, வால்ட். கையால கேட்டா. நானும் பதில் சொன்னேன். நீங்க காதுல விழுந்துதான்னு கேட்ட மாதிரி நான் பதில் சொல்லிட்டேன். அது என் தப்பு.”

நீமன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சிநேகிதிக்காகச் சொல்லும் பொய்களை அவர் முப்பது ஆண்டுகளாகக் கேட்டவர்.

“கையால பேசுவீங்களா. சரி, பாத்துடுவோம்,” என்றார்.

அவர் மெர்லிடம் சொல்லிக் கம்ப்ரசரை மறுபடி ஓடவிட்டார். டோரீனைக் கூடத்தின் ஒரு மூலையிலும் ஜானெலை மறுமூலையிலும் நிறுத்தினார். ஒரு துண்டுத்தாளில் ஏதோ எழுதி டோரீனிடம் மட்டும் காட்டினார். டோரீன் அதைப் படித்துவிட்டு, இது என்ன கொடுமை என்பதுபோல அவரைப் பார்த்தாள். அவர் ஜானெலின் பக்கத்தில் வந்து நின்றதும், ஆறு விரல்களைக் காட்டினாள். விரல்களை மேலிருந்து உதிர்த்தாள். முட்டியின்மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து, தன்பக்கம் இழுத்தாள்.

ஜானெல் நீமனின் காதருகே குனிந்து கத்தினாள்: “ஆறாம் நாள். மேலேர்ந்து தண்ணி ஒழுகும். மூடி கொண்டு வா.”

நீமன் தாளைத் திருப்பிக் காட்டினார். ‘சனிக்கிழமை மழை, குடை எடுத்து வரவும்’ என்று எழுதியிருந்தது; தொழிற்சாலையில் வாரம் திங்களில்தான் தொடங்கும். அவர் சிரித்ததை அந்த ஓசையில் யாரும் கேட்கவில்லை. தோள்கள் குலுங்கியதைத்தான் கண்டார்கள். கம்ப்ரசர் ஓய்ந்ததும், விதியில் கேட்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, நோயாளிக்குப் புரியும்படி கேட்டால் போதும் என்று சொல்லி, குறுக்குக் கோட்டை அடித்துத் தம் பெயரின் முதலெழுத்தை அருகில் இட்டார்.

அதற்குள் மறுமூலையிலிருந்து டோரீன் இன்னொன்று சொன்னாள். ஜானெலைப் பார்த்தபடி மணிக்கட்டை இருமுறை தட்டினாள்: தாமதமாக வந்திருக்கிறாய். முகத்தில் சிரிப்பும் இல்லை, சினமும் இல்லை.

“அது என்ன சொல்றாங்க?” என்றார் நீமன்.

“அது உங்க தாள்ல இல்ல,” என்றாள் ஜானெல். அவள் கழுத்தெலும்பைத் தட்டவில்லை. அதற்கு அது விடை அன்று. தலையை மட்டும் குனிந்தாள்.

அந்த வியாழக்கிழமை டோரீன் உணவு மேசைக்கு வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. மூன்றாம் வியாழன், தன் முறை அல்லாதபோதும், ஜானெல் பண்டத்தைச் சுட்டு டோரீனின் வீட்டுப் படியில் வைத்துவிட்டு வந்தாள். கழுவிய பாத்திரம் மறுநாள் அவளுடைய காரின்மேல் இருந்தது. உள்ளே ஒரு புட்டி வெள்ளரி ஊறுகாய். மன்னிப்பு அந்த ஊரில் பெரும்பாலும் பாத்திரத்தில்தான் போய்வரும். ஆனால் அது யாருடைய ஊறுகாய் என்பது ஜானெலுக்கு மூடியைத் திறக்காமலே தெரிந்தது.

ஜனவரியில் டோரீனும் கர்ட்டும் பகல் வண்டியில் ஏறினார்கள். ஜானெல் இன்னும் மூன்று பருவம் படிக்க வேண்டும். இடையே டோரீன் இரண்டு முறை வந்து உண்டுவிட்டுப் போனாள். பேச்சு பழைய தடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது, உறைந்த ஏரியில் நடப்பதுபோல மெல்ல மெல்ல.

ஒருநாள் காலை, பனி தள்ளிய சாலையில் கல்லூரிக்குப் போகும் வழியில், சிவப்பு விளக்கில் ஜானெலின் காருக்குப் பக்கத்தில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையில் இருந்த டோரீன், வயர்லெஸில் ஏதோ பேசிக்கொண்டிருந்ததால் அவளைக் கவனிக்கவில்லை. கர்ட் கவனித்தான். முகம் மலர்ந்தான். கண்ணாடி வழியே அவளுக்குத் தெரியும்படி சற்று எழும்பி, முட்டியை உயர்த்தி, பெருமையோடு திருப்பிக் காட்டினான்.

கற்றுக்கொடுத்திருக்கிறாள். தங்கள் பூட்டை, தங்கள் சாவியை அவனுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறாள். ஜானெலுக்குப் பழைய பொறாமை குபீரென்று எழுந்தது. பிறகு அவள் நன்றாகப் பார்த்தாள். கர்ட்டின் முட்டி மார்பருகே இல்லை; இருக்கைப் பட்டை தடுத்ததாலோ, அரைகுறையாகக் கற்றதாலோ, இடுப்பருகே சுழன்றுகொண்டிருந்தது. கடைத்தெரு நடுவில், ஆம்புலன்ஸில் அமர்ந்தபடி, தனக்கு அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரு விரலை உயர்த்தி, இன்னும் மேலே என்று காட்டியிருக்கலாம். ஜானெல் காட்டவில்லை. கழுத்தெலும்பை இருமுறை தட்டி, அன்போடு புன்னகைத்தாள். விளக்கு பச்சையாயிற்று.